பதினேழாம் நம்பர் பாட்டில்

மார்ச் 3, திங்கள்

நீயே சொல்லு சாமி, நான் பெருமைப்பட்டால் தப்பா? சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிற புது விஞ்ஞானத்துக்கு நாடு முழுக்க ஒரே ஒருத்தருக்குக் கொடுக்கிற விருது. கடைசி மூன்று பேரில் என் அண்ணன் மகளும் இருக்கிறாள்.

சாயப்பட்டறைகள் ஆற்றில் விடுகிற சிவப்புத் தண்ணீரை இருபத்து நாலு பாட்டிலில் பிடித்து, எது சாயத்தைத் தின்கிறது என்று பார்க்க ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பூஞ்சையைப் போட்டு வைத்தாள். ஜனவரி விடுமுறை முடிந்து வந்தால், பதினேழாம் நம்பர் மட்டும் பளிங்கு மாதிரி நிற்கிறது! முதலில் பார்த்தது நான்தான். பத்தொன்பது வருஷமாக அந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன், அப்படி ஒரு தெளிவைப் பார்த்ததில்லை. "மேடம், ஓடி வாங்க!" என்று கத்தினேன். (அங்கே அவள் மேடம். வீட்டுக்கு வந்தால் காதைத் திருகுவேன்.)

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. அந்த ஒரு பாட்டிலை நம்பி அனுப்பிவிட்டாள். பதினாலாம் தேதி நடுவர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள். அதற்காக அதே பூஞ்சையைச் சேமிப்பிலிருந்து எடுத்து ஆறு புதுப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள்.

மார்ச் 4, செவ்வாய்

முதுகு விட்டுப்போச்சு. மேசை, குழாய், ஜன்னல் எல்லாம் தேய்த்தாயிற்று. ஜன்னலில் உனக்காக நான் வளர்க்கிற பூச்செடி இருக்கிறதே, அதன் அடித்தட்டு பாசி பிடித்து வழவழவென்று கிடந்தது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, நார் போட்டு, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கினேன். தொட்டியின் பழைய மண்ணையும் குப்பை வண்டியில் கொட்டிவிட்டுப் புது மண் போட்டேன்.

கேட் காவலர் எட்டிப் பார்த்து, "நடுவர் வர்றாங்களா, இல்ல பொண்ணு பாக்க வர்றாங்களாம்மா?" என்றார்.

"முதல்ல உங்க டீ கிளாஸைக் கழுவுங்க. போன வருஷ டீ அதுல இருக்கு" என்றேன். வெட்கமே இல்லாமல் சிரிக்கிறார்.

மார்ச் 10, திங்கள்

ஆறு பாட்டிலும் சிவப்பு. ஜனவரியில் ஒன்பது நாளில் தெளிந்தது. இன்றைக்குப் பதினோராவது நாள்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வைத்துக்கொண்டு, "எங்கயோ தப்பு பண்ணிட்டேன் அத்தை. என்னன்னுதான் தெரியல" என்றாள்.

ஆய்வுக்கூடத்துக்குள் என்னை அத்தை என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. என் டப்பாவையும் மூடி வைத்தேன். அவளுக்காக மட்டும் இல்லை. வேறொன்று ஞாபகம் வந்தது. எழுதக் கை வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

படத்திலிருந்து என்னை அப்படிப் பார்க்காதே சாமி. சொல்கிறேன். நாளைக்குச் சொல்கிறேன்.

மார்ச் 12, புதன்

சொல்லிவிட்டேன்.

விடுமுறைக்கு முந்தின நாள், பாட்டில்களில் தண்ணீர் வற்றியிருந்தால் கோடு வரைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொல்லியிருந்தாள். பதினாறு வரைக்கும் ஊற்றினேன். பதினேழில் கேன் காலி. மற்ற ஏழும் வற்றவில்லை. ஸ்டோர்காரரிடம் போய் இன்னொரு கேன் கேட்டிருக்கலாம். கேட்டால், "என்னம்மா, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிக்கிறீங்களா?" என்பார். அந்தப் பேச்சுக்குப் பயந்து... ஒரு கை தண்ணீர்தானே... என் பூச்செடித் தட்டில் நின்ற தண்ணீரை ஊற்றிவிட்டேன். உனக்குப் பூக்கிற செடியாச்சே, அதில் என்ன அழுக்கு இருக்கும் என்று நினைத்தேன். பத்தொன்பது வருஷம் அங்க இருந்தவ செய்யிற காரியமா இது?

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

"எந்தத் தட்டு? அத்தை, எந்தத் தட்டு? அந்தப் பாசியிலதான் ஏதோ இருந்திருக்கு!"

தட்டைக் கையில் எடுத்தாள். வெயிலில் மின்னியது.

"தேய்ச்சிட்டீங்களா?"

"நடுவர் வர்றாங்கன்னு..."

"மண்ணு?"

"மாத்திட்டேம்மா."

பதினேழில் இருந்ததெல்லாம் பரிசோதனையிலேயே தீர்ந்துவிட்டது. காலிப் பாட்டிலையும் நானே கழுவி அடுக்கியிருக்கிறேன். அவள் கீழே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 13, வியாழன்

ஆய்வுக்கூடத் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஜனவரி ரிசல்ட் நிஜம்தானே? அதையே காட்டலாமே" என்றாராம். "நிஜம்தான் சார். ஆனா என் பூஞ்சை செஞ்சதில்ல. எது செஞ்சதுன்னு எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு, போட்டியிலிருந்து விலகுவதாகக் கடிதம் அனுப்பிவிட்டாள். மூன்று வருஷ உழைப்பு. என் ஒரு கை தண்ணீர்.

"என் வேலையை எடுத்துடச் சொல்லும்மா" என்றேன்.

"நீங்க போயிட்டா பாட்டிலை யார் கழுவுறது? சும்மா இருங்க."

மார்ச் 14, வெள்ளி

நடுவர்கள் வரவில்லை. ஆய்வுக்கூடம் மட்டும் பளபளவென்று இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

இன்றைக்கு விருது விழா. ஆய்வுக்கூடத்தில் கைபேசியில் பார்த்தோம். குப்பையிலிருந்து செங்கல் செய்கிற ஒரு பெரியவருக்குக் கொடுத்தார்கள். பாவம், கம்பியைப் பிடித்துப் பிடித்து மேடை ஏறினார். இவள் மனசாரக் கைதட்டினாள். நானும் தட்டினேன், கொஞ்சம் மெதுவாக.

பிறகு பெரிய பதிவேட்டை என் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு பாட்டிலுக்கும் நேரே புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறாள்: 'கழுவியவர், ஊற்றியவர், என்ன ஊற்றினார்.' ஜனவரிப் பக்கத்தில் பதினேழுக்கு நேரே என் பெயரை முழுசாக அவளே எழுதி, 'பூச்செடித் தட்டுத் தண்ணீர்' என்றும் எழுதியிருந்தாள். கையெழுத்துப் போடச் சொன்னாள். பத்தொன்பது வருஷத்தில் அந்தப் புத்தகத்தில் என் பெயர் ஏறியது இன்றைக்குத்தான். பேனா வழுக்கியது.

"அந்தச் செடி எங்கேருந்து வந்துச்சு, எப்ப மண்ணு மாத்தினீங்க, எல்லாத்தையும் யோசிச்சு எழுதிட்டு வாங்க அத்தை" என்று அனுப்பியிருக்கிறாள். அதற்குத்தான் உட்கார்ந்தேன்.

செடி வாங்கியது நாலு வருஷம் முன்னால். உரம் எதுவும் போடவில்லை. மண் மாற்றியது மார்ச் 4, ஒரே தடவை. பிப்ரவரியில் தொட்டி கொள்ளாமல் கிளைத்து...

சாமி! பிப்ரவரியில் பாதிச் செடியை வேரும் மண்ணுமாகப் பிடுங்கி, பாசித் தட்டில் தேங்கியிருந்த தண்ணீரையும் அதன் மேலேயே ஊற்றி, கேட் காவலருக்குக் கொடுத்தேனே. அவர் ஒரு பழைய டப்பாவில் நட்டு வைத்திருக்கிறார். அந்த மனுஷன் எதையும் கழுவுகிற ஆளே இல்லை.