கேஸ் தோம்பு இல்லாமல் சுட்ட பிஸ்கட்

அன்புள்ள மகன் முகுந்தனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், அதை அடுத்தவர் வாயால் நீ கேட்காமல் நானே என் கையால் எழுதுகிறேன், நன்றாகவே இருக்கிறேன். நீயும் மருமகள் ஷாமினியும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை இருப்பாள். போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்கிறாய். காகிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் நீ என்னைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இங்கே நல்ல மழை. பின்பக்கத்து வாழை குலை தள்ளியிருக்கிறது. எதிர்வீட்டுக் குமுதவல்லியின் மகள் ரதிக்கு செனாவாங் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை கொடுத்திருக்கிறார்கள், அதனால் ஷிப்ட் மாறி மாறி வருகிறது, பிள்ளை இளைத்துப் போனாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். பருப்புச் சட்டி கருகியது, வீடு முழுக்கப் புகை, குமுதவல்லி ஓடி வந்து அடுப்பை அணைத்தாள், வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பயந்துவிட்டாள். நீ அன்றைக்குச் சாயந்திரமே அவளைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு ஞாபகம் போய்விட்டது, கேஸ் தோம்பை, அந்த சிலிண்டரை, அடுப்பிலிருந்து கழற்றிக்கொண்டு போய் உங்கள் வீட்டில் வையுங்கள் என்று சொல்லிவிட்டாய். பாவம், என் முகத்தைப் பார்க்காமல் அவள் அதை உருட்டிக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து நீ சொல்லிவைத்த சாப்பாட்டுக் கடையிலிருந்து தூக்குச்சட்டி வர ஆரம்பித்தது. உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. அதையும் தின்றேன். அப்புறம் சிரம்பானில் ஏதோ முதியோர் இல்லமாம், அங்கிருந்து ஒரு பெண் என்னைப் பார்த்துப் பேச வருவாள் என்று மெசேஜ் போட்டாய். இத்தனையும் செய்தாயே ஐயா, பருப்பு ஏன் கருகியது என்று ஒரு வார்த்தை கேட்டாயா.

கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் சொல்லியிருக்க மாட்டேன், அது வேறு கதை. இப்போது சொல்லலாம், அதற்கு உரியவளே சொல்லச் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு முத்தாயி அக்கா அன்றைக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "தனம், தனம்" என்று ஒரு குரல். நான் ஓடினேன். புருவத்துக்கு மேலே கிழிந்து முகமெல்லாம் ரத்தம். தலையை மடியில் வைத்துத் துண்டால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், ரத்தம் நிற்கிறவரை கையை எடுக்க முடியவில்லை. அடுப்பில் பருப்பு இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். சட்டியா அக்காவா என்றால் நான் என்ன செய்வேன். இன்னொரு தடவை நடந்தாலும் அதையேதான் செய்வேன். யாருக்கும் சொல்லாதே, சொன்னால் என் மகன் என்னை எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான் என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதனால்தான் ஊரெல்லாம் தனலெட்சுமிக்கு மறதி வந்துவிட்டது என்று பேசியபோதும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அந்த இல்லத்துப் பெண் சனிக்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. என் வீட்டுக்கு வருகிறவளுக்கு என் கையால் செய்த ஒன்றும் கொடுக்காமல் கடைப் பாக்கெட்டைப் பிரித்து வைப்பேனா. அடுப்புதானே இல்லை, கரண்ட் இருக்கிறதே என்று தோன்றியது. ரதி வேலை முடிந்து வந்ததும் என்னை செனாவாங்குக்குக் கூட்டிப் போ என்றேன். அவள் சிரித்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தாள். "பெரியம்மா, கெட்டியாப் புடிச்சுக்குங்க லா, நீங்க விழுந்தா எங்கம்மா என்னை உயிரோட விடாது" என்றாள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு லாரிகளுக்கு நடுவே போனேன், நீ பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாய். மேஜைமேல் வைக்கிற சின்ன கரண்ட் ஓவன் ஒன்று வாங்கி, வரும்போது மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஷாமினிக்கும் சொல்லிக் கொடு, ஒன்றும் கஷ்டமில்லை, அலமாரியில் எப்போதும் இருக்கிற சாமான்தான். கோதுமை மாவு இரண்டு கப், சீனியை மிக்ஸியில் பொடித்து முக்கால் கப், மார்ஜரின் முக்கால் கப், பேக்கிங் பவுடர் ஒரு சின்னக் கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. முட்டை வேண்டாம். ஓமம் இருந்தால் கொஞ்சம் கசக்கிப் போடு. மார்ஜரினையும் சீனியையும் முதலில் குழைத்து, மாவை மெதுவாகச் சேர்க்க வேண்டும், சப்பாத்தி மாதிரி அடித்துப் பிசையக் கூடாது, பிசைந்தால் கல்லாகிவிடும். நெல்லிக்காய் அளவு உருட்டி முள்கரண்டியால் ஒரு அமுக்கு அமுக்கி வைத்தால் கால் மணி நேரத்தில் வெந்துவிடும். ஓரம் லேசாகச் சிவந்ததும் எடுத்துவிடு, நடுவில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பாகும். எனக்கு முதல் தட்டு அடியில் கருகிவிட்டது, அந்த ஓவனின் சூடு எனக்குப் பழக்கமில்லை. குமுதவல்லி சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். சூட்டைக் குறைத்து இரண்டாவது தட்டு வைத்தேன், பொன் மாதிரி வந்தது. நெற்றியில் பிளாஸ்திரியோடு முத்தாயி அக்கா வந்து உட்கார்ந்து உருட்டிக் கொடுத்தாள்.

அந்தப் பெண் வந்தாள். பெயர் மோகனா, மரியாதையான பிள்ளை, கையில் ஃபைல். இன்றைக்கு என்ன கிழமை, என்ன மாதம், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று சின்னக் குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்புறம் அடுப்பை அணைக்க மறந்துவிட்டீர்களாமே என்றாள். நான் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்தாயி அக்காதான் எழுந்தாள். "அந்தப் பருப்பு என்னாலதாம்மா கருகிச்சு. என் தலையை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா இவ. அதை எழுதிக்க. என் மவனுக்குத் தெரிஞ்சாலும் தெரியட்டும்" என்றாள். அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவே இல்லை தம்பி. மோகனா ஃபைலை மூடிவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். பிறகு, உங்கள் மகன்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றாள். இல்லை, முடிவு என்னுடையது, நான் வரவில்லை என்றேன். தோட்டத்தை முதலாளி விற்றபோது, அங்கே வேலை செய்த எங்களை வெளியே போ என்றார்கள், நானும் உன் அப்பாவும் அசையாமல் நின்று இந்த வீட்டை வாங்கினோம், அப்போதே போகாதவள் இப்போதா போவேன் என்றேன். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

விஷயம் தெரிந்ததும் குமுதவல்லி தோம்பை அவளே உருட்டிக்கொண்டு வந்து மாட்டிவிட்டாள். "ஏங்க்கா என்கிட்டகூடச் சொல்லல" என்று அழுதாள். தூக்குச்சட்டியை நான் நிறுத்திவிட்டேன். எனக்கு வயதாகவில்லை என்று நான் சொல்லவில்லை. ரதி என் போனில் மணி அடிக்க வைத்திருக்கிறாள், அடுப்பு பற்றவைத்தால் அதையும் போட்டுக்கொள்கிறேன். இரண்டு வீட்டுக் குளியலறையிலும் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி வைத்தாகிவிட்டது. நீ பயப்படுவது என் மேல் உள்ள பாசத்தில்தான், எனக்குத் தெரியும். ஆனால் பாசம் என்றால் முதலில் என்னைக் கேட்க வேண்டும். என்னைப் பற்றி ஊரைக் கேட்டுவிட்டு எனக்கு உத்தரவு போட்டால் நான் கேட்க மாட்டேன். உன்னைப் பெற்றவள் நான்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள். ஷாமினியைச் சத்தம் போடாதே, அவளும் வேலைக்குப் போய்விட்டுத்தான் வருகிறாள். ஒன்று மறக்காதே. முத்தாயி அக்காவின் மகன் திருச்செல்வம் சுங்கை காடுட்டில்தான் இருக்கிறான், உன்னோடு படித்தவன். அவள் விழுந்த விஷயம் அவன் காதுக்குப் போயிருக்கும். அவனைக் கூப்பிட்டுப் பேசு. அம்மாவை எங்கே சேர்க்கலாம் என்று யோசிக்கிறதுக்கு முன்னால் ஒரு நாள் வந்து அவள் பக்கத்தில் உட்காரச் சொல். நீ சொன்னால் கேட்பான், ஏனென்றால் அதே தப்பைச் செய்தவன் நீ.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் மனசு ஒருவர் கோணாமல் நீடூழி வாழ வேண்டும் என்று அம்மனிடம் தினமும் விளக்கேற்றிச் சொல்கிறேன்.

இந்த வீட்டிலேயே இருக்கும்,
உன் அம்மா
தனலெட்சுமி