துடைத்த மூடிகள்

இன்று காலை நல்லெண்ணெய் பாட்டிலோடு மல்லுக்கட்டினேன். தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது, கம்பெனி பஸ் வர இன்னும் பத்தே நிமிடம், மூடியோ வரமாட்டேன் என்கிறது. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். டப்பென்று வந்தது. எண்ணெய் முழுக்கப் புடவையில்.

எல்லாம் உன்னால்தான். அந்தக் கறுப்பு ரப்பர் மூடியை நீதான் கொடுத்தாய். "ரியாக்டர் குழாய்க்கு வர்ற மூடிடி. எண்ணெய் பாட்டிலுக்கு அளவெடுத்தாப்ல உக்காரும் பாரு" என்றாய். உட்கார்ந்தது. எழுந்திருக்கத்தான் மாட்டேன் என்கிறது. நீயும் இருந்தவரை அப்படித்தான், ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாய். வேறு புடவை கட்டிக்கொண்டு ஓடுவதற்குள் ஓரிக்கை நிறுத்தத்தில் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. ஏறி உட்கார்ந்தால், ஊருக்குள் கருட சேவைக் கூட்டம். அரை மணி நேரம் பஸ் நகரவில்லை. நீ இருந்திருந்தால் டிரைவரோடு சண்டைக்குப் போயிருப்பாய். "நேத்தே சொன்னேன் இல்ல, பைபாஸ்ல போங்கன்னு!" யாரும் கேட்காத யோசனையை முந்தின நாளே சொல்லிவைப்பது உன் வழக்கம். மறுநாள் அது சரியாக இருந்துதொலைப்பது இன்னொரு வழக்கம்.

இந்த மடலை உன்னைப் புகழ எழுதவில்லை. திட்டத்தான் எழுதுகிறேன். நேரில் திட்டலாம் என்றால் நீ இல்லை.

பத்தொன்பது வருடம் ஒரே பஸ், ஒரே ஆலை. ரியாக்டர் குழாய்களில் வினையூக்கியை நிரப்பும் பொறுப்பு எனக்கு. நிரப்பியது சரியா என்று அளந்து பார்க்கும் பொறுப்பு உனக்கு. நான் முடித்தேன் என்பேன், நீ முடியவில்லை என்பாய். இதில் சிநேகிதம் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாம் அங்கே என்னதான் செய்கிறோம் என்று உன் அம்மா ஒருமுறை கேட்டார். பிள்ளையார்பாளையத்து வீட்டில், உன் அண்ணன் தறியில் உட்கார்ந்திருக்க, அந்தச் சத்தத்துக்கு மேலே நீ கத்திச் சொன்னாய். "நம்ம சிலிண்டர்ல வருது பாரு கேஸ், அதுல பாதி பியூட்டேன்மா. அடுப்புல அது முழுசா எரிஞ்சி வீணா போவுது. நாங்க காத்தோட கலந்து, ஒரு கல்லு மேல ஓட்டி, பாதியில நிறுத்திடுவோம். பாதி எரிஞ்சதுதான் சரக்கு. அதை வாங்கிக்கினு போய் ரெசின் பண்றாங்க. நம்ம மொட்டை மாடியில ஃபைபர் டேங்க் இருக்குதே, அது செய்றது அந்த ரெசின்லதான்." உன் அம்மா யோசித்துவிட்டு, "பாதியில நிறுத்தறதுக்கா இவ்ளோ படிச்ச?" என்றார். நான் சிரித்ததில் காபி மூக்கில் ஏறிவிட்டது. நீ மட்டும் முறைத்தாய்.

ஆனால் அந்தப் பாதியில்தான் எல்லாம் இருக்கிறது. ரியாக்டருக்குள் ஆயிரக்கணக்கில் குழாய்கள். ஒவ்வொன்றும் ஒரு கட்டைவிரல் நுழையும் அகலம், இரண்டு மூன்று ஆள் உயரம். நீ கல் என்று சொன்ன அந்த வினையூக்கியைச் சின்னச் சின்ன மாத்திரைகளாக அவற்றில் நிரப்ப வேண்டும். குழாய்களைச் சுற்றி உருக்கிய உப்பு ஓடி, கிளம்பும் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். மாத்திரையை நிதானமாக விடவேண்டும். அவசரப்பட்டுக் கொட்டினால் உடைந்து தூளாகி அடியில் அடைத்துக்கொள்ளும். அடைத்த குழாயில் வாயு தேங்கும். தேங்கினால் பாதியில் நிற்க வேண்டியது முழுக்க எரிந்துபோகும். சரக்கு இல்லை, புகைதான் மிச்சம். அதனால்தான் நிரப்பிய ஒவ்வொரு குழாயிலும் காற்றை விட்டு, எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது. சரியாக இருந்தால் குழாய் வாயில் செருகும் ரப்பர் மூடியில் நீ சாக்பீஸால் டிக் போடுவாய். இல்லையென்றால் பெருக்கல் குறி, அதாவது காலி செய்து மறுபடி நிரப்பு. அந்தக் குறியைப் பார்த்தாலே என் ஆட்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நெசவுக்காரங்க வூட்டுப் பொண்ணு இல்லியா, இழை எண்ற மாதிரி எண்றாங்க" என்று ஒருவர் சொன்னதற்கு நீ கொதித்ததை மறக்கவே முடியாது. "எங்கண்ணனும் நெசவுதான். அவனுக்கு எத்தினி பசங்கன்னு கேட்டா ரெண்டு செகண்ட் யோசிப்பான். இது என் புத்தி, எங்க வூட்டுது இல்ல!"

சரி, அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன். வராமல் சுற்றிக்கொண்டிருப்பது உனக்கும் தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன், நிரப்பும் வேலை முடியப்போகிற நேரம். ரியாக்டருக்குள் ஆள் நுழையும் கதவோரப் பகுதியில் நீ அளந்து குறி போட்டுவிட்டாய். அதைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டியதுதான் பாக்கி. பஸ் ஹாரன் அடித்தது. நீ பேனாவை எடுத்தாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "வாடி, பஸ் போயிடும். மூடி மேலதான் இருக்குதே, எங்க ஓடப்போவுது? பூஜை முடிஞ்சி எழுதிக்கலாம்." அத்தோடு நின்றிருக்கலாம். படியிறங்கும்போது ஆட்களைக் கூப்பிட்டு, "நாளைக்குப் பூஜை, கதவாண்ட எல்லாத்தையும் பளிச்சுனு துடைச்சி வையுங்கப்பா" என்றேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள். அவர்கள் பூஜையில் நான் குறை வைத்ததாக இருக்கக் கூடாது என்று எனக்கு எப்போதும் ஒரு கவனம், கொஞ்சம் அதிகப்படியான கவனம்.

துடைத்தார்கள். ஏணியில் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் வைத்து, பொரி கடலை கொடுத்து, அத்தனை ஜோராகச் செய்தார்கள். கதவோர மூடிகள் ஒன்றுவிடாமல் கண்ணாடிபோல் இருந்தன. ஒரு டிக் இல்லை, ஒரு பெருக்கல் இல்லை.

மறுநாள் நீ அங்கே மண்டிபோட்டு உட்கார்ந்திருந்த கோலம் கண்ணிலேயே நிற்கிறது. நான் சாக்பீஸை எடுத்து நினைவிலிருந்து பதினொரு பெருக்கல் குறி போட்டேன். நீ சொன்னாய்: "பதினொண்ணு இல்லடி. இருபது. எங்கெங்கன்னு ஞாபகம் இல்ல, ஆனா எண்ணிக்கை இருபது. கதவோரம் முழுசா மறுபடியும் அளக்கணும், ஒரு நாள் குடு." மேலாளர் என்னைப் பார்த்தார். ஏற்கெனவே தாமதம். எனக்கு எரிச்சல். நான் சொன்னேன்: "தேவையில்ல சார். அவ எதுலயும் இப்படித்தான்."

ஐந்து வார்த்தை இருக்குமா? நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பதினொன்றைக் காலி செய்து நிரப்பினோம். தாளில் நீ கையெழுத்துப் போட்டாய்.

ஆறு மாதத்தில் கதவோரம் சூடு ஏறத் தொடங்கியது. சரக்கு குறைந்தது. விசாரணை வைத்து, 'அளவைப் பிழை' என்று எழுதி உன்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். வால்வும் கேஸ்கெட்டும் எண்ணுகிற வேலை. மூடியைத் துடைத்த கதையை நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒருநாள் என் வாய்வரை வந்தது. "தாள்ல என் கையெழுத்துதானே இருக்குது, விடு" என்று நீ முடித்துவிட்டாய். நானும் விட்டேன். விடச் சொன்னால் உடனே விடுவதில் நான் கெட்டிக்காரி.

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கீரைக்காரரிடம் ஒரு கட்டில் இரண்டு தண்டு குறைகிறது என்று சண்டை போடுவாய். கோயிலில் தங்கப் பல்லியைத் தொடும் வரிசையில் ஒருத்தர் முந்தினால் கோயிலே அதிரும். அப்படிப்பட்டவள் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டாய்? போதாததற்கு, நெஞ்சு வலியை கேஸ் ட்ரபிள் என்று சொல்லி மூன்று நாள் இஞ்சிக் கஷாயம் குடித்தாயே, அதை என்னவென்று சொல்ல? ஆயிரக்கணக்கான குழாய்களில் காற்று போகிறதா என்று இரண்டிரண்டு தடவை அளந்தவள், தன் நெஞ்சை ஒரு தடவை அளந்து பார்த்திருக்கக் கூடாதா? போன தையில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் அழவில்லை. கோபம் அவ்வளவு இருந்தது.

இப்போது கதைக்கு வா. மறுபடியும் ரியாக்டரைத் திறந்திருக்கிறோம். பழைய மாத்திரையை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிது நிரப்புகிறோம். கதவோரத்தை எடுக்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு குழாயில் உறிஞ்சுகுழல் இறங்கவில்லை. அடியில் தூள் இறுகிக் கட்டியாக நின்றது. அடுத்த வரிசையில் இன்னொன்று. என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தேன். மொத்தம் ஒன்பது. அன்று நான் குறித்தது பதினொன்று.

இருபது. பாவி, இருபது!

கையுறையைக் கழற்றி வீசிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தாஸ் அண்ணன் ஓடிவந்தார். மாகறல்காரர், அன்று துடைத்தவர்களில் மூத்தவர், இப்போது அந்த கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மேஸ்திரி. கட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன்மா" என்றார். "விசாரணைக்கு மொதல் நாள் அந்த அம்மா எங்க கிட்ட வந்தாங்க. துடைச்சதப் பத்தி யாரும் வாய் தெறக்காதீங்க, கான்ட்ராக்ட் ஆளுங்க நீங்க, பேரு வந்தா நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிப்பீங்கன்னாங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது, இட மாத்துவாங்க, அவ்ளோதான்னு சொன்னாங்க. எட்டு குடும்பம்மா."

அந்த எட்டுக் குடும்பமும் முசரவாக்கம், மாகறல் ஊர்க்காரர்கள். என் சொந்தக்காரர்கள் பாதி. ஒரு தலைமுறைக்கு முன் அடுத்தவர் நிலத்தில் அறுத்தவர்கள். அவர்களை வேலைக்குச் சேர்த்தவள் நான், துடைக்கச் சொன்னவள் நான், காப்பாற்றியது நீ. அதையும் என்னிடம் சொல்லாமல் செய்திருக்கிறாய். என்ன கொழுப்பு உனக்கு! சொல்லியிருந்தால் நான் எழுந்து நின்று 'நான்தான் துடைக்கச் சொன்னேன்' என்றிருக்க மாட்டேனா?

இருக்க மாட்டேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கேட்கவே இல்லை. இதை எழுதும்போது முகம் எரிகிறது.

புது மேலாளர் நல்ல பையன். அறிக்கைக்குக் காரணம் கேட்டபோது, "ஃபைல்ல அளவைப் பிழைன்னு முன்னாடியே இருக்குது மேடம். அதையே போட்டு க்ளோஸ் பண்ணிடுங்க" என்றார். அடுத்த மாதம் எனக்கு உதவி மேலாளர் பதவி வருவதாக இருந்தது. அது அவருக்கும் தெரியும், அக்கறையாகத்தான் சொன்னார்.

நான் எழுதிக் கொடுத்தேன். அளவையில் பிழை இல்லை. குறிகள் என் உத்தரவின்பேரில் துடைக்கப்பட்டன. ஆட்கள் நான் சொன்னதைச் செய்தார்கள். நினைவிலிருந்து மறுபடி குறித்தது நான். அளந்தவர் இருபது என்றார், மறு அளவை கேட்டார், தேவையில்லை என்று நான் தடுத்தேன். அவர் சொன்ன இருபது சரி. உன் முழுப் பெயரை, இனிஷியலோடு, மூன்று இடத்தில் எழுதினேன்.

அவர் படித்துவிட்டு, "இப்ப எதுக்கு மேடம் இது? அவங்கதான் இல்லையே. யோசிச்சி நாளைக்குக் குடுங்க" என்றார். "நாலு வருஷம் யோசிச்சாச்சு சார்" என்று மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பதவிக் கடிதம் வரவில்லை. வராது போலிருக்கிறது. ஆட்கள் மேல் கை வைக்கவில்லை, அந்தவரை நிம்மதி.

இப்போது நிரப்பியாகிவிட்டது, அளந்தும் ஆகிவிட்டது. கதவோரத்தை மறுபடி முழுக்க அளக்க ஒரு நாள் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். இன்று கருட சேவைக் கூட்டத்தைத் தாண்டி, எண்ணெய் வாடையோடு வந்து சேர்ந்து, கதவோரத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்தேன். முழங்கால் போயிற்று. இந்த வேலையை இத்தனை வருடம் எப்படித்தான் செய்தாய்? ஒவ்வொரு குழாய்க்கும் காற்று, அளவு, மூடி, சாக்பீஸ், உடனே தாளில் ஒரு வரி. நான்கு மணிக்கு பஸ் ஹாரன் அடித்தது. போகட்டும் என்றேன். மாகறல் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தாஸ் அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "இன்னாமா இது, அந்த அம்மா மாதிரியே ஆயிட்டீங்க."

"பேச்சு குடுக்காதீங்கண்ணா!" என்று சீறினேன். அதற்குள் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.