முட்டையில் இருந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன், பிரசவத்துக்கு இங்கே வர டிக்கெட் போடாதே. கோபப்படாமல் முழுக்கப் படி. நம் கோழி முட்டைகளைப் பரிசோதனைக்கு ஒரு பெண் வாங்கிப்போனாள் என்று சொன்னேன் அல்லவா, அவள் திரும்பி வந்தாள். அப்பா ஆலையில் செய்கிறார்களே, சோபா மெத்தையிலும் டிவி பெட்டியிலும் தீப்பிடிக்காமல் இருக்கக் கலக்கும் பவுடர், அதைச் செய்யும்போது வேண்டாத ரசாயனமும் கூடவே உண்டாகிறதாம், கழிவுநீரோடு பின்பக்க வாய்க்காலுக்கு வந்து மண்ணில் தங்கி, மண்ணைக் கொத்தும் கோழிக்குள் போய், முட்டைக் கொழுப்பில் சேர்ந்துவிட்டதாம். லேசில் அழியாதாம், மனுஷ உடம்பிலும் தங்குமாம். அப்பா, "நாங்க செய்யுற பவுடரால எத்தனை வீடு எரியாம தப்பிச்சிருக்கு தெரியுமாம்மா" என்று சண்டைக்குப் போனார். அவள், "அது இல்லைன்னு யாருங்க சொன்னா, நீங்க ஒரு தடவை டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துப் பாருங்க" என்றாள்.

ரத்தம் கொடுத்தால் ஆலையை மூடி எல்லார் வயிற்றிலும் அடிப்பார்கள், யாரும் கொடுக்கக் கூடாது என்று ஆலையில் வேலை செய்கிறவர்கள் பேசி வைத்திருந்தார்கள், அப்பாவும் தலையாட்டியவர்தான். ஆனால் அன்றிலிருந்து மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை, அறைக்கும் வாசலுக்குமாக நடை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் முகாம். யார் உள்ளே போகிறார்கள் என்று கூட்டாளிகள் கேட்டில் நின்று பார்க்க, இவர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டே அவர்கள் நடுவில் நடந்தார். போர்மேன், "உனக்கென்னய்யா தலையெழுத்து" என்றதற்கு, "என் பொண்ணு பிள்ளை பெறப் போறாய்யா, அவ எங்க வீட்டு முட்டையத் தின்னு வளர்ந்தவ" என்று மட்டும் சொன்னார்.

இப்போது யாரும் அவரை வண்டியில் ஏற்றிக்கொள்வதில்லை, நடந்தே வேலைக்குப் போகிறார். ரிசல்ட் இன்னும் வரவில்லை. எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அடுப்படியில் நிற்கிறேன். கோழிகளை விற்கவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் பயம். விமானம் என்றாலே வேண்டாம் என்கிறவள் நான், ஆனாலும் நானே அங்கே வந்துவிடுகிறேன். அப்பாவைக் கூப்பிட்டால், "ரிசல்ட்டுக்குப் பயந்து ஓடிட்டான்னு பேரு வேணாம்" என்கிறார்.

தாயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டாகி நூறு வயது வாழுங்கள். எந்த ஆலைப் பக்கத்தில் வளர்ந்தாய் என்று டாக்டரம்மாவிடம் மறக்காமல் சொல், தாய்ப்பால் பற்றியும் அவரைக் கேட்காமல் நீயாக எதுவும் முடிவு செய்யாதே. இதுவரை எழுதியதை அப்பா என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டார். ஒரு வரியைக்கூட அடிக்கச் சொல்லவில்லை.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா