புரட்டிப் பார்த்த முயல்

அன்புள்ள அப்பாவுக்கு வீப்கெ எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? இங்கே பவேரியாவின் முயல் பண்ணையில் எனக்குக் கோபத்தைத் தவிர வேறு நோயில்லை.

முயல் கண்காட்சியில் நடுவர் புரட்டிப் பார்ப்பதற்கு முன் நாமே பார்ப்போமென்று இளம் ஆண் முயல்களை மல்லாத்தினேன். மூன்றுக்குக் குறியின் அடிப்பக்கம் பிளந்திருந்தது. பிறவிக் குறை, குட்டிகளுக்கும் வரும். "இதுகளைப் பெட்டையோட சேக்காதீங்க, கறிக்குத்தான் ஆகும்" என்று முதலாளி அலோயிஸிடம் கத்தினேன்.

அவர் சிரித்தார். "என்கிட்ட ஏம்மா எகிர்ற? இதுங்க அப்பன் உங்கப்பா வித்ததுதான். போய்ப் புரட்டிப் பாரு."

பார்த்தேன். அதே பிளவு. காதில் பச்சை குத்தியிருந்தது நம் பண்ணையின் அடையாள எண்.

கம்பளிக் காலுறையும் கறுப்பு ரொட்டியும் அனுப்புங்கள். இங்கே பேச்சுத்துணைக்கு முயல்கள்தான். தீனி வைக்கக் கூப்பிடுகிறார்கள்.

உங்களை நம்பித்தானே வாங்குகிறார்கள்? பார்க்காமல் விற்றீர்களா, பார்த்துவிட்டே விற்றீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.