அப்பன்மாருக்கு வைத்த ஓட்டப் பரீட்சை

அக்டோபர் 12, சனி

அருப்புக்கோட்டை மாநகரின் (மாநகரம் இல்லைதான், என் டைரியில் மாநகரம்) புண்ணாக்குக் கடை அதிபதி சுப்புராஜ் ஆகிய நான், தவிட்டு மூட்டை மேல் கை வைத்துச் சத்தியமாக எழுதுகிறேன்: இன்று தொடங்கி இதில் வரப்போகிற கதையை ஒரு பயலும் நம்பமாட்டான்.

இன்று விஜயதசமி. என் தங்கச்சி கனகலட்சுமியின் கொழுந்தன் வெள்ளத்துரை பைபாஸ் ரோட்டில் டைல்ஸ் கடை திறந்தான். வாசலில் ஃபிளெக்ஸ். திருச்சுழியில் நின்று பார்த்தாலும் தெரியும், அவ்வளவு உசரம். 'எங்கள் குடும்பத்தின் பெருமைகள்' என்று அண்ணன் தம்பி பிள்ளைகள் அத்தனை பேர் படமும் இருக்கு. நடுவில் கோட்டுப் போட்டு அவன் மகன் கோகுல், இன்னும் அரியர் முடிக்காத இன்ஜினியர்.

ஜோதிகா படம் மட்டும் இல்லை. கனகுவின் மகள், தகப்பனில்லாத பிள்ளை. நாடு முழுக்க எழுதுகிற பரீட்சையில் தேறி, போன வாரம்தான் சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் அகாடமியில் சேர்ந்திருக்கிறாள்.

கனகு மெதுவாகத்தான் கேட்டிருக்கிறாள். அத்தனை பேர் முன்னால வெள்ளத்துரை சொல்றான்: "பட்டாளம்னு போட்டா, கடைக்கு வாட்ச்மேன் எடுக்கிறாகன்னு நெனச்சு நாலு பேரு வந்து நிப்பான் மதினி."

சிரிச்சானுக. அவ பந்தியில உக்காராமலே வந்துட்டா. "விடுண்ணே, அவுக குணம் தெரிஞ்சதுதான" என்கிறாள். விடுவேனா? ஏலே வெள்ளத்துரை, உன்னையும் விடமாட்டேன், உன் டைல்ஸையும் விடமாட்டேன்.

அக்டோபர் 20

தங்கபாண்டி டீக்கடையில் ஊருக்கு அகாடமியை விளக்கினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டு குதிரை, வேலை நாளுக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. இட்லி ஹெலிகாப்டரில் வரும், சாம்பார் ஆறுவதற்குள். நகம் வெட்ட ஒரு கர்னல். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். கடைசியில், பயிற்சி முடிகிற அன்று பெற்றவளே மைதானத்துக்குள் போய் மகள் தோளில் நட்சத்திரம் மாட்டுவாள் என்றேன்.

தங்கபாண்டி கிளாஸைக் கீழே வைத்தான். "இதுதான் ஓவரு அண்ணாச்சி. துப்பாக்கி வச்சிருக்கிற எடத்துல பெத்தவள உள்ள விடுவாகளா?"

டிசம்பர் 3

ஒன்றும் தோன்றவில்லை. பழி ஊறிக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 19

தோன்றிவிட்டது. அவனே கொண்டுவந்து கொடுத்தான்!

புதிதாக வந்த டி.எஸ்.பி. அவன் கடைக்கு டைல்ஸ் பார்க்கப் போயிருக்கிறார். பேச்சுவாக்கில் ஜோதிகா பேர் வர, மனுஷன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம். "நான் ரெண்டு தடவை எழுதிக் கெடைக்காத எடம் சார் அது. உங்க வீட்டுப் பொண்ணு ஆபீசரா வெளிய வரும்."

அன்றிலிருந்து வெள்ளத்துரைக்கு அந்த இடத்தின் மேலேயே கண். இன்று என் கடைக்கு வந்து, பருத்திக்கொட்டையைக் கிளறிக்கொண்டே கேட்கிறான்: "மச்சான், அங்க மேனேஜ்மென்ட் கோட்டா உண்டுல்ல? நம்ம கோகுலுக்கு ஒரு சீட்டு..."

நம்மூர்க் காலேஜ்போல அங்கேயும் ஒரு கரஸ்பாண்டன்ட் உட்கார்ந்திருப்பார் என்று நினைப்பு! எனக்குள் பீரங்கி வெடித்தது. முகத்தில் காட்டவில்லை.

"இருக்கு மாப்ளே. ஆனா துட்டு வாங்கமாட்டாக. அப்பனைத்தான் சோதிப்பாக. ரெண்டு பேப்பரு. ஓட்டம், மரியாதை."

பிப்ரவரி 2

கண்மாய்க் கரை. விடிகாலை. அரைக்கால் டவுசரில் வெள்ளத்துரை. தொந்தி முன்னால் போக, அவன் பின்னால் ஓடுகிறான். கையில் விசிலோடு நான். கோகுல் வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்குகிறான். எம்.ரெட்டியபட்டியிலிருந்து லோடு வேன் பிடித்து வேடிக்கை பார்க்க ஆள் வந்ததாகக் கேள்வி. கேள்வி என்ன கேள்வி, கிளப்பினதே நான்தான்.

பிப்ரவரி 10

இரண்டாம் பேப்பர், மரியாதை. தினமும் ஏ.டி.எம். வாசலில் வாட்ச்மேனுக்கு விறைப்பாக ஒரு சல்யூட்.

"வாட்ச்மேனுக்கா மச்சான்?"

"அவரு பழைய பட்டாளத்துக்காரரு. மதிக்கிறமான்னு ஆள் வச்சுப் பாக்குறாக."

அடித்தான். அந்த மனுஷன் ஸ்டூலை விட்டு எழுந்து பதிலுக்கு ஒன்று அடித்தார் பார், வெள்ளத்துரை அரண்டு ஓரடி பின்னால் போனான். எதிரே மருந்துக்கடை வாசலில் கனகு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா? கேட்கவில்லை.

ஜூன் 8

ஓடி ஓடி அவனுக்குச் சுகர் இறங்கிவிட்டதாம். நன்றி சொல்லிக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்துவிட்டிருக்கிறான். பழி வாங்கப்போய் வைத்தியம் பார்த்திருக்கிறேன். சே! (மிட்டாய் நன்றாக இருந்தது.)

ஆகஸ்ட் 21

ஜோதிகா போன் பண்ணினாள். பயிற்சி முடிகிறது, அணிவகுப்புக்கு வாங்க என்றாள். "சித்தப்பாவுக்கும் ஒரு பாஸ் போட்டிருக்கேன் மாமா."

"அந்தப் பயலுக்கா? உன்னை வாட்ச்மேன்னு..."

"தெரியும். அதுக்குத்தான். வந்து பாக்கட்டும்."

என் ரத்தம்!

செப்டம்பர் 6, சனி, பரங்கிமலை

பிள்ளைகள் நடந்த நடையில் அருப்புக்கோட்டையில் அடுக்குப் பானையெல்லாம் உருண்டிருக்கும். முடிந்ததும் பெற்றவர்களை மைதானத்துக்குள் கூப்பிட்டார்கள். ஜோதிகாவின் ஒரு தோளுக்குக் கனகு, இன்னொரு தோளுக்கு நான். கனகு மாட்டப்போன நட்சத்திரம் ரெண்டு தடவை நழுவியது. "மெதுவாம்மா, நான் எங்கயும் போகல" என்றாள் ஜோதிகா, அசையாமல் நின்றபடியே.

வெள்ளத்துரை என் காதோரம் வந்தான். "மச்சான்... பெத்தவ நட்சத்திரம் மாட்டுறது, இது நெசமாவே உண்டா?"

"இது மட்டுந்தான் மாப்ளே நெசம்."

அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. குதிரை, இட்லி, கோட்டா, கண்மாய்க் கரை, டவுசர் என்று ஒவ்வொன்றாக முகத்தில் இறங்கியது. அந்த மூஞ்சியைப் பார்க்கத்தானே இத்தனை மாசம் காத்திருந்தேன்!

துரத்தினான். தாம்பரம் தாண்டி, திருச்சுழி வரைக்கும் ஓடினேன். ஓடப் பழக்கினவன் நானே அல்லவா, பிடித்துவிட்டான். சட்டைக் காலரில் கை வைத்த நேரம், பின்னால் "சித்தப்பா" என்று குரல். திரும்பினான். சீருடையில் லெப்டினன்ட் ஜோதிகா. பழக்கதோஷம், அவன் கை அவனைக் கேட்காமலே நெற்றிக்குப் போய்விட்டது. அவள் சிரிக்காமல் பதிலுக்கு ஒன்று அடித்தாள், அந்த வாட்ச்மேன் அடித்த மாதிரியே.

துரத்தினதை நம்ப வேண்டாம், அது என் சொந்தச் சரக்கு. சல்யூட் நெசம்.