கடல்கடந்த என்னும் சொல்லுக்கு

ஜூலை 3
இல்லை, பொறாமை இல்லை. ஸஹ்ராவின் வாக்கியத்தில் பிழை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். இல்லை. மறுபடியும் பார்த்தேன்.

அகராதித் திட்டத்தில் ஒரே ஓர் இடம். போட்டிக்கு நானும் ஸஹ்ராவும். திட்டத்தை நடத்தும் பிராங்க்ளின் சார் இருவருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தார்: கடல்கடந்த. பொருளும், ஓர் எடுத்துக்காட்டும்.

நான் எழுதியது: 1. பெருங்கடலைத் தாண்டிச் செல்கிற. 2. பெருங்கடலுக்கு அப்பால் உள்ள. ‘கடல்கடந்த வணிகத்தால் துறைமுகங்கள் வளர்ந்தன.’

"பொருள் கச்சிதம்மா. ஆனா இந்த வாக்கியத்த யாராவது வாயத் தொறந்து சொல்லியிருக்காங்களா?" என்றார் சார்.

ஸஹ்ரா எழுதியது: ‘எங்களுடையது கடல்கடந்த குடும்பம், அத்தா தம்மாமிலிருந்தே வஞ்சிரத்துக்குப் பேரம் பேசுவார்.’

சார் அதை உரக்கப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூலை 4
நிஜமா என்று கேன்டீனில் கேட்டேன்.

"நிஜம்தான்டி. வீடியோ கால்ல செவுளத் தூக்கிக் காட்டச் சொல்லுவாரு. மீன்காரரு, ‘ஏன் பாய், தம்மாம் வரைக்குமா நாத்தம் அடிக்குது?’ம்பாரு. வாக்கியத்துல போடட்டுமான்னு அத்தாகிட்ட கேட்டேன். ‘வஞ்சிரம்னு போடு, மத்தின்னு போட்டு மானத்த வாங்காத’ன்னாரு."

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வரும்போது வயிறு எரிந்தது. அவள் அத்தா சவூதியில், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு சமையற்கட்டுவரை வருகிறார். என் அப்பா அடுத்த அறையில். இன்று என்னிடம் பேசியது, "மோர் இருக்கா?"

ஜூலை 6
அத்தா பக்கத்தில் இல்லாத ஒருத்திமேல் பொறாமைப்பட முடியுமா? முடிகிறது.

ஜூலை 8
எழுதிவிட்டேன், சார் கேட்ட மாதிரி யாராவது வாயால் சொல்லக்கூடிய புது வாக்கியம்.

‘கடல்கடந்த ஊரில் பேத்தி பிறந்தாள், கைங்கர்யம் போய்விடும் என்று தாத்தா பார்க்கப் போகவில்லை.’

வத்ஸலா அக்காவுக்கு மெல்போர்னில் குழந்தை. அம்மா பார்க்கப் போய்விட்டாள். அப்பா போகவில்லை; அவருக்குக் கோயிலில் கைங்கர்யம், பெருமாளுக்குச் செய்யும் பரம்பரைத் தொண்டு. கடல் தாண்டியவர் திரும்பி வந்து சந்நிதியில் கைங்கர்யம் செய்யக் கூடாது. எங்கள் குடும்பத்தில் அப்படி. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பிராங்க்ளின் சார் கண்ணாடியைக் கழற்றினார். "இதுதாம்மா வேணும். முடிவு பண்ணியாச்சுன்னே வெச்சுக்கோங்க."

நான் ஸஹ்ராவைப் பார்த்தேன். அவள் முகம் விழுவதைப் பார்க்க விரும்பினேன் — ஆமாம், விரும்பினேன்.

ஜூலை 9
விழவில்லை. மாடிப்படியில் கேட்டாள், "அது உங்கப்பாதானே மேகனா? அவருகிட்ட கேட்டியா?"

பேர் போடலையே என்றேன்.

"உங்க தெருவுல படிச்சா தெரியாதா?"

நல்லவளாக இருப்பதிலும் முந்திக்கொள்ள வேண்டுமா இவள்?

ஜூலை 10
அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன்.

துண்டை மடித்தார். பிரித்தார். திரும்ப மடித்தார்.

"அகராதின்னா அச்சாயிடுமோல்லியோ?"

"ஆமாம்."

"போகலைன்னு போட்டுட்டியேடி மேகு. நான் இன்னும் தீர்மானம் பண்ணலையே."

இத்தனை நாளும் பக்கத்து அறையில் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாரா? நான் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை?

ஜூலை 11
வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "வேற இருக்கா?" என்றார் சார்.

இல்லை.

ஜூலை 18
இடம் ஸஹ்ராவுக்கு. வாழ்த்தினேன், பாதி மனதோடு. கட்டிக்கொண்டாள், முழுதாக. அதற்கும் எரிந்தது.

சாயங்காலம் அப்பாவை பாஸ்போர்ட் போட்டோ எடுக்க அழைத்துப்போனேன். நெற்றித் திருமண்ணோடு எடுக்கலாமா என்று ஸ்டூடியோவில் மெல்லக் கேட்டார். எடுக்கலாம் என்றார்கள். அவர் தலைமுடியைச் சரிசெய்துவிட்டு, விளக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.