கார் சூடாக்கப் போனவன்

இன்று காலை உன் கோட் என் கைக்கு வந்தது. கறுப்புக் குப்பைப் பையில் சுருட்டி, வாயை முடிந்து, உன் அக்கா வாசலில் வைத்தே தந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. "எறிஞ்சு விடு தம்பி. அது அலுமாரியில கிடக்க எனக்கு நித்திரை வருகுதில்ல" என்றாள். வெளிப்புற இரும்புப் படிகளில் இறங்கும்போது முடிச்சு நெகிழ்ந்து வாசம் வந்தது. ஈர அட்டைப்பெட்டி, உறைந்த மீன், நீ மூக்கடியில் பூசும் தைலம். ஒரு வருடம் மூடிக் கிடந்தும் போகவில்லை. ஜிப்பின் நுனியில் நீ கட்டிய செம்மஞ்சள் கயிறும் அப்படியே இருந்தது.

தடித்த கையுறையோடு ஜிப்பைப் பிடிக்க முடியாது என்று பெட்டி கட்டும் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி அதை முடிந்தாய். என் கோட்டுக்கும் ஒன்று முடிந்து தந்தாய். உன் அக்காவுக்கு அந்தக் கயிறு வேறொன்றாகத் தெரிகிறது. இழுத்துத் திறப்பதற்கென்றே நீ கட்டி வைத்தது போல. அவளை அப்படி நினைக்க விட்டவன் நான்.

மொன்றியலின் சென்ட் லோரன்டில், ஜன்னலே இல்லாத அந்தக் களஞ்சியத்தின் பிரீசருக்குள் மைனஸ் இருபத்தைந்தில் நாங்கள் பெட்டி அடுக்கினோம். இருவர் இருவராகத்தான் உள்ளே விடுவார்கள். மூக்கிலோ கன்னத்திலோ உறைந்து வெள்ளைப் புள்ளி விழுந்தால் விழுந்தவனுக்குத் தெரியாது, வலிக்காது. எதிரே நிற்பவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பலெட் என்ற மரத்தட்டு ஒவ்வொன்றிலும் பெட்டி அடுக்கி முடிந்ததும் நீ என் முன்னே வந்து நிற்பாய்.

"முகத்தைக் காட்டு."

நான் காட்டுவேன். பிறகு உன் முகத்தை நான் பார்ப்பேன். யாழ்ப்பாணத்தானின் மூக்கு நீளம், முதலில் அதுதான் உறையும் என்று பகிடி விடுவாய். ஆறு வயதில் இங்கே வந்த என் தமிழைக் கேட்டு, வெள்ளைக்காரன் மனப்பாடம் பண்ணியது போல இருக்கிறது என்பாய். பிறகு என்பதற்கு நீ சொல்லும் மட்டக்களப்பு "மறுகா"வை நான் திருப்பிச் சொல்லிக் காட்டுவேன். இருவரும் சிரிப்போம், மூச்சு புகையாகும், அடுத்த பலெட் வரும்.

எங்கள் மேற்பார்வையாளர் திங்கட்கிழமைகளில் தன் கைபேசியில் மலைப் படங்களைக் காட்டுவார். பனி படிந்த தாடி, பின்னால் வெள்ளை உச்சிகள். இதற்கு இவருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று என்னிடம் கேட்டாய். யாரும் இல்லை, தன் காசு செலவழித்துத்தான் குளிருக்குள் போகிறார் என்றேன். சாப்பாட்டு மேசையில் தலை வைத்துச் சிரித்தாய். சிரித்து முடித்து ஒன்று சொன்னாய். அதை நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

"சம்பளத்துக்குத்தானே மச்சான் இந்தக் குளிரில நிக்கிறம். ஒருநாள் சும்மா நிண்டு பாப்பம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகரத்து நடுவில் உள்ள மலைக்குப் போனோம். படிகளில் பனி, கைபிடியில் பனி. மேலே போனதும் நீ தடாலென்று பனியில் மல்லாந்து படுத்தாய். பக்கத்தில் நாயோடு வந்த ஒரு கிழவி பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். ஒருவரும் கெதியாக, கெதியாக என்று அவசரப்படுத்திக் கத்தாத குளிரும் இருக்கிறது என்று வானத்தைப் பார்த்துச் சொன்னாய். உனக்கு அது போதுமாக இருந்தது.

எனக்குப் போதவில்லை. இங்கேயே படித்து, அவர்கள் மொழியை அவர்களைப் போலவே பேசி, கடைசியில் அவர்களுடைய உறைந்த மீனை அடுக்கிக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் நின்ற உச்சியில் நானும் நிற்க வேண்டும் என்ற வெறி எனக்கு. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மலை கூட்டினேன். நீ வந்தாய். நான் கூப்பிட்டதால் வந்தாய்.

உடுப்பு என்று தனியாக எதுவும் வாங்கவில்லை. மைனஸ் இருபத்தைந்தில் நாள் முழுக்க நிற்க வைக்கும் கோட் மைனஸ் பதினைந்தில் ஏன் காணாது? இந்தக் கணக்கைப் போட்டவனும் நான்தான். பிரீசருக்குள் காற்று அடிப்பதில்லை. அங்கே வியர்வை வந்தால் கதவைத் திறந்து சூடான அறைக்கு வந்து சட்டை மாற்றலாம். மலையில் அந்தக் கதவு இல்லை. பிரீசரில் வேலை செய்தவர்கள் மட்டுமே இவ்வளவு நம்பிக்கையோடு செய்யக்கூடிய முட்டாள்தனம் அது.

அந்த ஞாயிறு வடக்கே ஒன்றரை மணி நேரம் ஓடினோம். காரில் நீ வழக்கமாகப் பாடும் பாட்டு இல்லை. உன் அகதி வழக்கை நிராகரித்த கடிதம் வந்து பத்து நாளாகியிருந்தது. இராணுவம் வீட்டுக்கு வந்த மாதத்தை ஓரிடத்தில் மாசி என்றும் இன்னோரிடத்தில் பங்குனி என்றும் சொல்லிவிட்டாயாம். ஆகவே உன்னை நம்ப முடியாதாம். நான் ஸ்டீயரிங்கில் குத்திக் குத்தித் திட்டினேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஒரு வழக்கறிஞரைப் பார்க்கப் போவதாகச் சொன்னாய். மேன்முறையீடு செய்யப் போகிறாய். "அக்காக்குச் சொல்லிராத. சரி வந்தா மறுகா சொல்லுவம். இல்லாட்டி அவ திரும்பவும் அழுவா."

நான் சொல்லவில்லை. எனக்கு வசதியாக இருந்ததால் இன்றுவரை சொல்லவில்லை.

பாதை செங்குத்து. முதல் ஒரு மணி நேரத்திலேயே இருவருக்கும் கோட்டுக்குள் வியர்வை ஓடியது. மரங்கள் குட்டையாகும் இடத்தில் காற்று திரும்பியது. நீ நின்றாய். உன் புருவத்தில் பனிக்கட்டி.

"எனக்குக் காணும் மச்சான். முதுகெல்லாம் ஈரம். இறங்குவம்."

உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. அரைமணி நேரம். நான் உனக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்தை எழுதத் தேவையே இல்லை.

"நீ எல்லாத்தையும் பாதியிலதான் விடுவ. கேசையும் இப்பிடித்தான் விடப் போற."

வழக்கறிஞரைப் பார்க்கப் போவதாக இரண்டு மணி நேரத்துக்கு முன் சொன்னவனிடம் சொன்னேன். நீ என்னைக் கடந்து முன்னால் ஏறினாய்.

உச்சியில் நாங்கள் நின்றது ஐந்து நிமிடம் இருக்கும். நான் படம் எடுத்தேன். மேற்பார்வையாளரின் படம் போலவே வந்தது. நீ ஒரு பாறைக்குப் பின்னால் குந்தி, கைகளைக் கக்கத்துக்குள் வைத்திருந்தாய். படத்துக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். முகத்தைக் காட்டு என்று நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிரீசரில் பலெட்டுக்கு ஒரு தரம் பார்த்த முகத்தை அன்று முழுக்க நான் ஒருதரமும் பார்க்கவில்லை.

இறங்கும்போது நீ பின்னால் வந்தாய். இரண்டு முறை விழுந்தாய். ஏதோ கேட்டேன், வாய்க்குள் முணுமுணுத்தாய். அதையும் கோபத்தில் சேர்த்தேன். பாதை சமதரையாகும் இடம் வந்ததும், கார் நிற்கும் இடம் இன்னும் கொஞ்சத் தூரம்தானே, நான் முன்னே போய்க் காரைச் சூடாக்குகிறேன் என்றேன். மொன்றியலில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒருவன் முன்னே போவான், எஞ்சினைப் போடுவான், மற்றவர்கள் சூடான சீட்டில் வந்து ஏறுவார்கள். அது அன்பு என்றுதான் வளர்ந்தோம். அன்று அது அன்பு இல்லை. உன் முணுமுணுப்பைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

காரில் ஏறினேன். ஹீற்றரைப் போட்டேன். விரல்களை அதன் வாயில் வைத்தேன். உச்சிப் படத்தைப் பார்த்தேன், நல்ல வெளிச்சத்தில் இருக்கிறதா என்று. வேண்டுமென்று மெதுவாக வருகிறாய் என்று நினைத்தேன். வரட்டும், எவ்வளவு நேரம் வீம்பு பிடிக்கிறாய் பார்ப்போம் என்று நினைத்தேன். நாற்பது நிமிடம்.

பிறகு ஓடினேன். நான் விட்ட இடத்திலிருந்து அதிக தூரம் நீ வந்திருக்கவில்லை. மரத்தடியில் இருந்தாய். கோட்டின் ஜிப் அடி வரை திறந்திருந்தது. கையுறைகள் இரண்டும் பனியில் கிடந்தன. உன் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். பனிச்சறுக்கில் வந்த ஒரு தம்பதி தங்கள் கைபேசியில் உதவிக்கு அழைத்தார்கள். மீட்புக்காரர்கள் வந்து சறுக்குவண்டியில் உன்னைக் கட்டி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில், இருட்டுவதற்கு முன், முடிந்துவிட்டது.

உன் அக்கா கார்ட்டியர்வில் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தபோது மருத்துவர் பிரெஞ்சில் விளக்கினார். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. மொழிபெயர்க்க நான் நின்றேன். சின்ன வயதிலிருந்தே எங்கள் ஆட்களுக்கு நான் செய்யும் வேலை அது. பள்ளிக்கூடம், வங்கி, வீட்டுக்காரன், எல்லா இடமும். மருத்துவர் தெளிவாகச் சொன்னார். உடல் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் கடைசியில் எரிவது போல இருக்கும். அந்த மயக்கத்தில் ஆட்கள் தாங்களே உடுப்பைத் திறப்பார்கள். அது அவர்கள் எடுக்கும் முடிவு இல்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: எவ்வளவு நேரம் தனியே இருந்தார்?

அவருக்குப் பிரெஞ்சில் உண்மையைச் சொன்னேன். அக்காவுக்குத் தமிழில், "குளிர் தாங்கேலாமப் போயிற்றாம்" என்று மட்டும் சொன்னேன்.

"கோட்டை ஏன் திறந்தவன்?"

"தெரியாதக்கா. டொக்டர் ஒண்டும் சொல்லேல்ல."

கோட்டைப் பற்றிச் சொன்னால், அப்போது நான் எங்கே நின்றேன் என்று அக்கா அடுத்ததாகக் கேட்பாள். அதற்காகத்தான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து உன் சாவை உன் தலையிலேயே போட்டேன்.

மற்றவர்கள் மிச்சத்தைச் செய்தார்கள். செத்தவீட்டு மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்ற ஆண்கள் கதைத்ததைக் கேட்டேன். கேஸ் சரிவரவில்லையாம், அதுதான் பொடியன் முடிவெடுத்துவிட்டானாம். வேறொருவர், பனிக்குள் மலை ஏறப் போனதே மண்டைப் பழுது என்றார். உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு சாட்சிக் கடிதம் எழுதித் தராதவர்கள். எனக்குக் கோபம் வந்தது. பெரிதாகக் கோபம் வந்தது. அரசாங்கத்தைத் திட்டத் தெரியும், கொம்பனியைத் திட்டத் தெரியும், அந்த மண்டபத்தில் உண்மையான ஒரு வசனம் சொல்லத் தெரியவில்லை. அவர்களில் யாரும் உனக்கு நான் செய்ததைச் செய்யவில்லை.

ஒரு வருடம் உன் அக்கா, அவளைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்காமல் நீ போனதாக நம்பினாள். இன்று காலை பையைத் தரும்போதும் சொன்னாள். "என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். தானே திறந்துகொண்டு போயிற்றான்."

படியின் அடியில் அந்த வாசத்தோடு நின்றேன். குப்பை வண்டி வரும் நாள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் பனி வழித்துக்கொண்டிருந்தான். திரும்ப ஏறினேன்.

கதவு திறந்ததும் மிதியடியிலேயே நின்று தொடங்கினேன். சப்பாத்திலிருந்து பனி கரைந்து அவளுடைய தரையில் ஓடியது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன். நீ இறங்குவோம் என்று கேட்டதை. நான் சொன்ன பதிலை. காரை. நாற்பது நிமிடத்தை.

"என்ட முகத்தைப் பாத்துச் சொல்லு" என்றாள்.

பார்த்தேன். மருத்துவர் சொன்னதை முழுதாக, ஒரு வருடம் பிந்தி, மொழிபெயர்த்தேன். செவ்வாய்க்கிழமையையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அடித்தாலும் நின்றிருப்பேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சப்பாத்துத் தட்டின் மேல் உட்கார்ந்தாள். ஒன்று மட்டும் கேட்டாள்.

"எத்தினை மணிக்கு?"

"பத்து மணிக்கு அக்கா."

"செவ்வாய் எனக்கு லீவு. நானும் போயிருப்பன்."

பையை என் கையிலிருந்து வாங்கினாள். கோட்டை எடுத்து உதறினாள். அந்தச் செம்மஞ்சள் கயிற்றைப் பிடித்து, அடியிலிருந்து கழுத்து வரை ஜிப்பை இழுத்து மூடினாள். வாசல் கொளுக்கியில், தன் கோட்டுக்குப் பக்கத்தில், கொழுவினாள்.

"இண்டைக்குப் போ" என்றாள். நாளைக்கு வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. வெறும் கறுப்புப் பையோடு சென்ட் மிஷேலில் உள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மடித்து மேசையில் வைத்திருக்கிறேன். எறியவில்லை.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நீ தரமுடியாத ஒன்றைக் கேட்பதும் இன்னொரு வசதிதான். இப்போது பிரீசரில் என்னோடு நிற்பவன் ஹெயிட்டியிலிருந்து வந்தவன். அவனுக்கும் வழக்கு ஓடுகிறது. ஒவ்வொரு பலெட் முடிந்ததும் அவன் முன்னே போய் நின்று உன் சொல்லைப் பிரெஞ்சில் சொல்கிறேன். அவன் பேசாமல் இருக்கும் நாளில் இரண்டு தரம் பார்க்கிறேன். எனக்கு விசர் என்று நினைக்கிறான், ஆனாலும் காட்டுகிறான்.

கார் சூடாக்க நான் முன்னே போவதில்லை. அம்மா ஒவ்வொரு காலையும் ஏசுகிறா, சீட் ஐஸ் மாதிரி இருக்கிறதென்று. இருக்கட்டும். எல்லோரும் ஒன்றாக இறங்கி, ஒன்றாக ஏறி, அந்தக் குளிர்ந்த சீட்டில்தான் உட்காருகிறோம்.